பளிங்கின் மூன்றாவது டர்போ

லாரி ஷெட்டின் கடைக்கோடியில், தகரக் கூரைக்குக் கீழே, அவளுக்கென்று ஒரு மேசை. அதன் மேல் எப்போதும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற டர்போக்கள் நாலைந்து பிரித்துப் போட்டபடி கிடக்கும். டர்போவின் ஓடு பார்க்க நத்தை மாதிரியே சுருண்டிருக்கும் என்பதால், டிரைவர்கள் அவளுக்கு நத்தையக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆள் என்னவோ நத்தைக்கு நேர் எதிர். கை வேகம், நடை வேகம், வாய் அதைவிட வேகம். அவள் வாயில் விழுந்து எழுந்த டிரைவர்கள் அன்றைக்கு முழுக்க யாரிடமும் பேசாமல் வண்டி ஓட்டுவார்கள்.

டர்போ பழுது பார்ப்பதில் அவளுக்கு ஒரே ஒரு கொள்கைதான். "டர்போ தானா சாகாதுடா. எவனாவது கொல்லுவான். எவன்னு தெரியாம புதுசை மாட்டினா, அதையும் கொல்லுவான்." பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டுக் கை கழுவும் மெக்கானிக்குகளைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. செத்துப்போன டர்போவை மேசையில் கிடத்தி, தண்டை விரலால் ஆட்டிப் பார்ப்பாள். சக்கரத்தின் இதழ்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். இதழ் பள்ளம் பள்ளமாக நசுங்கியிருந்தால் உள்ளே ஏதோ விழுந்திருக்கிறது, நட்டோ, பழைய வயர் துண்டோ. தண்டு நீலம் பாரித்திருந்தால் எண்ணெய் போய்ச் சேரவில்லை. நிமிடத்துக்கு லட்சம் சுற்று சுற்றுகிற தண்டு, மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதந்துகொண்டுதானே சுற்றுகிறது? அந்த எண்ணெய் ஒரு கணம் நின்றாலும் கதை முடிந்தது. எண்ணெய் கரியாகித் தண்டைச் சுற்றி அப்பியிருந்தால் குற்றவாளி டிரைவர்தான். மேட்டில் முக்கி முனகி ஏறி வந்த வண்டியை, கொஞ்ச நேரம் சும்மா ஓடவிடாமல் பட்டென்று சாவியைத் திருப்பி அணைத்தால், கொதிக்கிற டர்போவுக்குள் நிற்கிற எண்ணெய் அப்படியே தீய்ந்துபோகும்.

இப்படி ஊரார் டிரைவர்களையெல்லாம் கூண்டில் ஏற்றியவள் வீட்டிலும் ஒரு டிரைவர் இருந்தான். அவள் புருஷன்.

அவனை ஷெட்டில் பளிங்கு என்பார்கள். காரணம் சொல்லவே வேண்டாம், அவன் லாரியைப் பார்த்தாலே தெரியும். கல் குவாரிக்குப் போய் வருகிற வண்டி, கல்யாண மண்டபத்துக்குப் போய் வந்ததுபோல் நிற்கும். சட்டைப் பையில் ஒரு வெள்ளைத் துணி, இடுப்பில் ஒரு வெள்ளைத் துணி. முன்னதைப் பின்னதால் துடைப்பானோ என்றுகூட ஷெட்டில் ஒரு சந்தேகம் உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வண்டிக்குள் ஏறுவான். கீழே உட்கார வேண்டுமென்றால் பேப்பர் விரிக்காமல் உட்கார மாட்டான். அவனுக்குக் கட்டி வைத்ததோ, நகக்கண்ணில் கருப்பு ஏறிப்போன ஒரு மெக்கானிக்கை. கடவுளுக்கும் பொழுது போக வேண்டாமா!

கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் வீட்டில் வண்டிப் பேச்சைத்தான் பேசினார்கள். அதாவது, வண்டிச் சண்டையைத்தான் போட்டார்கள். ஒருநாள் கிளட்சில் ஆரம்பித்த பேச்சு அவன் அம்மாவில் போய் முடிந்து, அவள் பெட்டியைக் கட்டும்வரை வந்துவிட்டது. அதன்பிறகுதான் அந்த ஒப்பந்தம். வாசப்படிக்கு உள்ளே வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. பல வருஷமாக இரண்டு பேரும் அதைக் காப்பாற்றி வந்தார்கள். குடும்பமும் நன்றாகத்தான் ஓடியது. அவன் விடியும் முன்பே போய் வண்டியை எடுத்துவிடுவான். அவள் வெயில் ஏறிய பிறகுதான் ஷெட்டுக்கு வருவாள். சாயங்காலம் அவள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகுதான் அவன் வண்டி திரும்பும். ஒரே ஷெட்டில் வேலை பார்த்தும், அவன் வேலை செய்வதை அவளோ, அவள் வேலை செய்வதை அவனோ கண்ணால் பார்த்தது கிடையாது.

வினை, முதலாளி பளிங்கின் வண்டியைக் குவாரிக்குத் திருப்பியதில் தொடங்கியது. அந்தப் பாதையில் புழுதி என்றால் அப்படியொரு புழுதி. முன்னால் போகும் வண்டி தெரியாது, அதன் ஹாரன்தான் கேட்கும். அங்கே போக ஆரம்பித்து ஒரு கோடை முடிவதற்குள் பளிங்கின் டர்போ போனது. பிரித்துப் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை; முதலாளி அவசரப்படுத்த, வேறு வழியில்லாமல் புதிதாக மாட்டினாள். அதுவும் போனது. மறுபடி மாட்டினாள். மூன்றாவதும், மேட்டில் ஏறும்போது சங்கு ஊதுவதுபோல் கூவி, கரும்புகையைக் கக்கி, இழுவை இல்லாமல் பாதியில் படுத்துவிட்டது. கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். இழுத்து வந்தவன் குப்பை.

குப்பையும் அதே பாதையில் ஓட்டுகிற டிரைவர்தான். அவன் வண்டிக்குள் ஏறினால் முதலில் காலில் படுவது நேற்றைய சாப்பாட்டுப் பொட்டலம். பிறகு முந்தாநாளையது. கண்ணாடியில் தனக்குத் தேவையான அளவுக்கு மட்டும் ஒரு வட்டம் துடைத்து வைத்திருப்பான். வண்டியின் நிறம் என்னவென்று அவனுக்கே மறந்துபோயிருக்கும். ஆனால் அவன் டர்போ? கம்பெனியில் மாட்டிய அதே டர்போ, குயில் மாதிரி கூவிக்கொண்டிருந்தது.

முதலாளி வந்தார். படுத்துக் கிடந்த வண்டியையும், அதன் பக்கத்தில் நின்ற புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதே ரோடு, அதே லோடு. அவனுக்கு ஒண்ணும் ஆகல, உனக்கு மூணு போச்சு. ஒண்ணு, ஓட்டுறவன் சூட்டோட அணைக்கிறான். இல்ல, மாட்டுறவ சரியா மாட்டல. ரெண்டு பேரும் உங்க வீட்டுலதான் இருக்கீங்க. பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க. இல்லாட்டி திங்கக்கிழமைலேர்ந்து வண்டி குப்பைகிட்ட. நீ ஷெட்டுக்குள்ள வண்டி நகத்திக்கிட்டு இரு."

பளிங்கின் முகம் செத்துவிட்டது. ஷெட்டுக்குள் வண்டி நகர்த்துவது கண் மங்கிய கிழட்டு டிரைவர்களுக்குக் கொடுக்கிற வேலை. அதைக்கூடச் சகித்துக்கொள்வான். தன் வண்டியில் குப்பை ஏறி உட்காருவான், சாப்பிட்ட கையை சீட்டில் துடைப்பான் என்பதைத்தான் அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"நான் சூட்டோட அணைக்கிறதே இல்ல முதலாளி. வண்டி நின்னதும் டேஷ்போர்டு முழுக்கத் துடைச்சு முடிச்சிட்டுத்தான் சாவியைத் திருப்புவேன்" என்றான்.

அது சத்தியம். அவன் டேஷ்போர்டு துடைத்து முடிப்பதற்குள் டர்போ என்ன, அடுப்பே ஆறிப்போகும். ஆனால் அத்தோடு நிறுத்தினானா? "மாட்டினதுல என்ன இருக்கோ, யாருக்குத் தெரியும்" என்று வாய்க்குள் முனகினான்.

நத்தையக்காவுக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. "என்ன சொன்னீங்க? மறுபடி சொல்லுங்க! எண்ணெய் ஊத்தி, கையால சுத்திப் பாத்து, ஒவ்வொரு பைப்பையும் கழுவி மாட்டினவ நான். மாட்டினதுல என்ன இருக்கோவா?"

குப்பை பீடியைப் பற்றவைத்துக்கொண்டு டயரில் சாய்ந்து உட்கார்ந்தான். இந்தக் காட்சியை விட அவனுக்கு மனமில்லை.

அன்று சாயங்காலம் வரை அவள் அந்த மூன்றாவது டர்போவோடு மல்லுக்கட்டினாள். தண்டில் நீலமில்லை. கரியில்லை. ஆகவே புருஷன் சூட்டோடு அணைக்கவில்லை. எண்ணெய்க் குழாய் அடைக்கவில்லை. ஆகவே அவள் மாட்டியதிலும் பிழையில்லை. ஆனால் காற்றை உறிஞ்சும் பக்கத்துச் சக்கரம் வேறு கதை சொன்னது. இதழ்களின் விளிம்பு உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் மழுங்கி, பிளேடு மாதிரி மெலிந்திருந்தது. இது தூசியின் வேலை. காற்றோடு போகும் தூசி அந்த வேகத்தில் இதழ்களை அரம் போட்டு ராவும். ராவினால் எடை தப்பும். எடை தப்பினால் தண்டு ஆடும். ஆடினால் ஓட்டில் உரசிச் சாகும். காற்றை வடிகட்டுகிற ஏர் ஃபில்டரைத் தாண்டி எப்படியோ தூசி போகிறது.

அப்படியென்றால் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள குழாயில் தூசி இருக்க வேண்டும். கையை விட்டுப் பார்த்தாள். ஒரு பொட்டுத் தூசி இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. ரப்பர் குழாயில் கீறல் உண்டா என்று சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள், இல்லை. கிளிப்புகள் இறுக்கமாக இருந்தன. ஃபில்டரை வெளியே எடுத்தாள். குவாரியில் ஓடும் வண்டியின் ஃபில்டர், கடையிலிருந்து வாங்கி வந்த அன்று போலிருந்தது. அதை எந்தக் கிறுக்கி சந்தேகப்படுவாள்? திரும்ப வைத்துவிட்டாள். தூசி தின்ற சக்கரம் இருக்கிறது, தூசி மட்டும் இல்லை. தலையைப் பிய்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

வீட்டில் ஒப்பந்தப்படி வண்டிப் பேச்சு இல்லை. அதனால் வேறு எந்தப் பேச்சும் இல்லாமல் போனது. அவன் அலசிய தட்டையே மறுபடி அலசிக்கொண்டிருந்தான். அவளுக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, மண்டையில் ஒன்று போடலாம் போலவும் இருந்தது.

திங்கட்கிழமை வண்டி ஓடியாக வேண்டும் என்பதால், தன் கொள்கையை விழுங்கிக்கொண்டு, அவள் ஞாயிற்றுக்கிழமையே இருப்பிலிருந்த டர்போவை வண்டியில் மாட்டிவிட்டாள். திங்கட்கிழமை விடியலில் அவன் துணிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

"எங்க?"

"கடைசியா ஒரு தடவை துடைச்சுக் குடுத்துட்டு வர்றேன். அந்தக் குப்பை வாங்கும்போதாச்சும் சுத்தமா இருக்கட்டும்."

அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது. "இருங்க, நானும் வர்றேன்" என்று கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு கூடவே நடந்தாள். இத்தனை வருஷத்தில் அவனோடு சேர்ந்து அவள் ஷெட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை.

அவன் வண்டியைத் துடைப்பதை அவள் ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். கண்ணாடி, கதவு, விளக்கு, நம்பர் பலகை. குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் பொறுமையாகச் செய்தான். அவளுக்குக்கூட மனசு இளகியது. பிறகு அவன் ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியைத் திறந்தான்.

அவள் டின்னிலிருந்து எழுந்தாள்.

அவன் ஃபில்டரை உருவி எடுத்தான். முன்டயரில் வைத்துத் தட்டினான். லேசாக இல்லை, துணி துவைக்கிற மாதிரி டொம் டொம்மென்று தட்டினான். பிறகு காற்றுக் குழாயை இழுத்து வந்து, முழு வேகத்தில், ஃபில்டர் தாளுக்கு ஒட்ட வைத்து, வெளியிலிருந்து உள்ளே பார்த்து அடித்தான். மூடி மேலே இருந்த புழுதி பொலபொலவென்று பெட்டிக்குள் விழுந்தது. அதற்குப் பிறகு, தெய்வமே, அந்த வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, டர்போவுக்குப் போகும் குழாயின் உள்பக்கத்தைச் சுற்றிச் சுற்றித் துடைத்தான். ஒரு பொட்டு இல்லாமல் துடைத்தான்.

"இதை எப்பவும் செய்வீங்களா?"

"தினமும். குவாரிக்குப் போக ஆரம்பிச்சதுலேர்ந்து தினமும் ரெண்டு தடவை." குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "போறதுக்கு முன்னாடி ஒண்ணு, வந்த பிறகு ஒண்ணு. அன்னிக்கு வண்டி படுத்தப்பகூட, இழுக்கக் கயிறு வர்ற வரைக்கும் ரோட்டுலயே தட்டித் துடைச்சிட்டேன்."

ஃபில்டரில் படியும் மெல்லிய தூசி ஃபில்டருக்கு உதவிதான் செய்யும். அடைப்பு அதிகமானால் டேஷ்போர்டில் ஃபில்டருக்கான முள் பச்சையிலிருந்து சிவப்புக்கு வரும், அப்போது மாற்றினால் போதும். அதுவரை அந்த மூடியைத் திறக்கவே கூடாது. ஷெட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. குப்பைக்கு மட்டும்தான் தெரியாது, ஆனால் அவன் சோம்பேறி, திறக்கவே மாட்டான், பிழைத்தான். பளிங்குக்கும் தெரியும், ஆனால் அது அழுக்குப் பயல்களுக்குச் சொன்ன விதி என்று நினைத்துவிட்டான்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன. தான் தேடித் தேடிக் காணாமல் தவித்த தூசியை இந்த மனுஷன் தினமும் இரண்டு தடவை துடைத்து வைத்திருக்கிறான்! "கொன்னுட்டு ரத்தத்தையும் கழுவி வெச்சிருக்கீங்களே!" என்று கத்திவிட்டாள்.

"என்னடி உளர்றே? சுத்தம் பண்றது ஒரு தப்பா?"

அவள் ஃபில்டரை ஒரு கையிலும் அவன் சட்டையை இன்னொரு கையிலும் பிடித்து இழுத்துக்கொண்டு, ஜன்னலில்லாத உதிரிச் சாமான் அறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்தினாள். வயரோடு தொங்கிய பல்பை ஃபில்டருக்குள் விட்டுச் சுவிட்சைப் போட்டாள். நல்ல ஃபில்டராக இருந்தால் தாள் முழுக்க மங்கலாக மட்டும் தெரியும். இதில் சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழுந்தது. தட்டித் தட்டி, ஊதி ஊதி, தாள் சல்லடையாகியிருந்தது.

பளிங்கு அந்தப் புள்ளிகளைப் பார்த்தான். ஒன்றைக் கையால் தொட்டான். அவன் வெள்ளைச் சட்டை மீதும் புள்ளிகள் விழுந்திருந்தன. பிறகு அப்படியே, பழைய எண்ணெய் ஊறிய அந்தத் தரையில், பேப்பர் எதுவும் விரிக்காமல் உட்கார்ந்துவிட்டான்.

"மூணையும் நானா கொன்னேன்?"

ஆமாம் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். மூன்று நாளாக இந்த ஒரு கேள்விக்காகத்தானே காத்திருந்தாள்? மாட்டினதில் என்ன இருக்கோ என்றவனுக்கு நறுக்கென்று கொடுக்க எத்தனை பதில்களைத் தயாராக வைத்திருந்தாள்! ஆனால் அவன் கண் கலங்குவதை அவள் அதுவரை பார்த்ததில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நம்ம வாயைத் திறந்து பேசியிருந்தா முதல் டர்போலயே முடிஞ்சிருக்கும்" என்றாள். "பெரிய ஒப்பந்தம் போட்டோம், மண்ணாங்கட்டி ஒப்பந்தம்."

வெளியே முதலாளியின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பின்னாலேயே குப்பையின் இருமலும் கேட்டது. போகும் வழியில் அவள் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு போனாள். ஃபில்டர் கம்பெனி மேல் பழியைப் போட்டுவிடலாம். மட்டமான தாள், தானே ஓட்டை விழுந்துவிட்டது என்றால் முதலாளி நம்புவார். அவள் சொன்னால் நம்புவார். பொய்தான், அதனால் என்ன, புருஷன் வண்டியில் உட்காருவான். வாயைத் திறக்கப் போனாள்.

அதற்குள் பளிங்கு முந்திக்கொண்டான்.

"முதலாளி, இவ மாட்டினதுல ஒரு குத்தமும் இல்ல. நான்தான் ஃபில்டரைத் தினமும் எடுத்துத் தட்டி ஊதி ஓட்டை பண்ணியிருக்கேன். மூணும் என்னாலதான் போச்சு. வண்டி நல்லா இருக்கணும்னா குப்பைகிட்டயே குடுங்க. அவன் எதையும் திறக்க மாட்டான்." சாவியை எடுத்து, பழக்கதோஷத்தில் ஒரு தடவை துடைத்து, குப்பையின் முன்னால் நீட்டினான்.

நத்தையக்கா வாயடைத்து நின்றாள். அவள் வாயடைத்து யாரும் பார்த்ததில்லை. முதலாளியே ஒரு கணம் பயந்துபோனார்.

குப்பை சாவியை வாங்கிக்கொண்டு வண்டியைப் பார்த்தான். கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான். சீட்டைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான், வாயிலிருந்த பீடியைக் கையில் எடுத்தான். எங்கே தட்டுவதென்று தெரியாமல் அதன் சாம்பலைத் தன் உள்ளங்கையிலேயே தட்டிக்கொண்டான்.

"அய்யய்யோ, எனக்கு வேணாம் முதலாளி. இதுல உக்காந்து எனக்கு ஒரு வாய் சோறு இறங்காது. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. என் வண்டியே எனக்குப் போதும்." சாவியைப் பளிங்கின் கையிலேயே திணித்துவிட்டு, யாரும் மறுபடி கூப்பிடுவதற்குள் இடத்தைக் காலி செய்தான்.

முதலாளிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடக்கிக்கொண்டு நத்தையக்காவைப் பார்த்தார். "இன்னொண்ணு போச்சுன்னா?"

"போனா நானும் இவர்கூட வண்டி நகத்துறேன்" என்றாள் அவள். "ஆனா அந்த மூடிக்கு ஒரு பூட்டுப் போடுறேன். சாவி என்கிட்டதான் இருக்கும்."

புது ஃபில்டரை வைத்து, மூடிக்குக் கம்பி போட்டு, பூட்டைத் தொங்கவிட்டாள். துணியோடு அந்த மூடிப் பக்கமே வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டாள். பளிங்கு குவாரிக்கு ஓட்ட ஆரம்பித்தான். முதல் வாரம் அவன் பட்ட பாடு நாய் படாது. பூட்டுக்கு அந்தப் பக்கம் தூசி சேர்ந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பிலேயே அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பாதி வழியில் நிறுத்திவிட்டு ஃபோன் போடுவான். "இன்னும் பச்சையிலதான் இருக்கு. ஆனா உள்ள எப்படியிருக்குமோ?" அவள் "இருந்தா இருந்துட்டுப் போகுது, ஓட்டுங்க" என்பாள். வீட்டுக்கு வந்தாலும் வண்டிப் பேச்சுதான். ஒப்பந்தம் காற்றில் பறந்தது. சண்டையும் வந்தது, தட்டு ஒன்று உடையவும் செய்தது. பெட்டியை மட்டும் யாரும் கட்டவில்லை.

ஒரு மழையும் ஒரு வெயிலும் கடந்து, ஒருநாள் மத்தியானம், அவன் வண்டியை நேராக அவள் மேசைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். டேஷ்போர்டில் சிவப்பு வந்திருந்தது. சும்மா ஓடவிட்டு, பிறகு அணைத்து, இறங்கி நின்றான். பரீட்சை முடிவு பார்க்க வந்த பையன் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். முதலாளியும் வந்துவிட்டார். குப்பை ஏற்கெனவே டயரில் சாய்ந்திருந்தான்.

அவள் டர்போ பக்கத்துக் குழாயை மட்டும் கழற்றினாள். விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தாள். லேசான எண்ணெய்ப் பிசுக்கு, அது இருக்க வேண்டியதுதான். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள். நறநறவென்று எதுவும் நெருடவில்லை. தண்டை ஆட்டிப் பார்த்தாள், ஆடவில்லை. இதழ்களின் விளிம்பு கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முதலாளி முன்னால் அழுவதாவது! விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள். முதலாளி தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பளிங்கு அந்த விரலைப் பார்க்கவே இல்லை. அவன் கண் பூட்டின் மேலேயே இருந்தது. அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தபோது மெதுவாகக் கேட்டான்.

"மூடியை நான் துடைக்கட்டுமா? உள்ள வேணாம். வெளிய மட்டும்."

அவள் மூடியைப் பார்த்தாள். ஒரு விரற்கடை புழுதி அப்பியிருந்தது. அப்படியே திறந்தால் அத்தனையும் பெட்டிக்குள் விழும்.

"துடைங்க. திறக்குறதுக்கு முன்னாடி துடைச்சாகணும்" என்றாள். "இந்த ஷெட்டுல ஒருத்தனும் செய்ய மாட்டேங்குறான்."

அவன் வெள்ளைத் துணியை எடுத்தான். அவள் சாவியோடு பக்கத்தில் நின்றாள். அவன் துடைத்து முடிக்கும்வரை, தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, அவசரப்படுத்தாமல் நின்றாள்.